தீவுகள் கற்பிக்கும் குடும்பப் பாடம்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கீற்றுக் கொட்டகையும் ஒரு கரும்பலகையும் ஒரே ஒரு மின்விளக்குமாகத் தொடங்கிய நம் சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இவ்விழாவில் 'கல்வியும் குடும்பமும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் நம்மைப் பணித்தனர். நாமோ கடலுக்கு அப்பாலுள்ள தீவுகளைப் பற்றிப் பேச எண்ணி வந்துள்ளோம். தறியோசை கேட்டு விழிக்கும் ஐயம்பேட்டைக்கும் பசிபிக் கடல் தீவுகளுக்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். உறவு உண்டு. அது நம் வீட்டு அடுக்களையிலேயே தொடங்குகிறது.

பிஜிக்காரர் இலை

நம் தாய்வழிப் பாட்டனார்க்குத் தமையனார் ஒருவர் இருந்தார். முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர், இருபது வயதும் நிரம்பாத பருவத்தில், அவர் வீட்டை விட்டுப் போனார். வாலாஜாபாத் வரை நடந்து சென்று இரயில் ஏறினார் என்றும், சென்னையில் கப்பல் ஏறுமுன் 'பிஜித் தீவுக்குப் போகிறேன்' என்று ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லியனுப்பினார் என்றும் பாட்டனார் கூறுவார். அவ்வளவே. அதன்பின் கடிதம் வரவில்லை, பணம் வரவில்லை, ஆளும் வரவில்லை.

ஆயினும் பொங்கலையொட்டி மூதாதையர்க்குப் படையல் இடும்போது நம் பாட்டியார் ஓர் இலையைத் தனியே போடுவார். இறந்தவர்க்குரிய இலைகளோடு அதனைச் சேர்க்கமாட்டார். "அவர் செத்தாரென்று யார் கண்டது? பசியோடு வந்து நின்றால் என்ன செய்வது?" என்பார். அதற்குப் 'பிஜிக்காரர் இலை' என்றே பெயர். அந்த இலைச் சோற்றை உண்ணும் உரிமை வீட்டின் கடைக்குட்டிக்கு. பல ஆண்டுகள் அதனை உண்டவர் நாமே. ஆகவே பிஜி என்னும் சொல்லை நாம் நிலநூலில் கற்கவில்லை, உண்கலத்தில் கற்றோம்.

அவர் ஏன் போனார்?

செங்கற்பட்டு மாவட்டத்தில் அக்காலத்தே நம் மக்கள் இருந்த நிலையை மாவட்ட ஆட்சியராயிருந்த டிரெமென்ஹீர் என்பவர் 1891ஆம் ஆண்டு அரசுக்கு அளித்த அறிக்கையில் விரிவாக எழுதினார். உழுத நிலம் நமக்குரியதன்று. குடியிருந்த மனையும் நமக்குரியதன்று. கடனுக்காகப் படியாளாய்ப் பணிந்தவன் மகனும் படியாளாகவே வளர்ந்தான். அந்த அறிக்கையின் விளைவாகவே 1892இல் பஞ்சமி நிலங்களுக்கான அரசாணை பிறந்தது என்பதை இங்குள்ள இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஆணை பிறந்தது, நிலம் எல்லார் கைக்கும் வந்து சேரவில்லை. இந்நிலையில் கப்பல் ஒரு கதவாகத் தோன்றியதில் வியப்பில்லை. இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனாரும் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்து திரும்பியவரே. பின்னர் 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து நமக்காக வாதாடினார்.

ஆனால் கதவைத் திறந்துவிட்டவன் கருணையாளன் அல்லன். ஆள்பிடிப்பவன் சந்தையிலும் இரயிலடியிலும் நின்றான், முன்பணம் காட்டினான், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வாங்கினான். 'அக்ரிமெண்ட்' என்னும் அச்சொல் நம்மவர் நாவில் 'கிர்மிட்' என்று திரிந்தது. 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து பிஜிக்கு 60,000க்கும் மேற்பட்டோர் சென்றனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து 1903ஆம் ஆண்டில் கப்பல்கள் புறப்படலாயின; அவ்வழிச் சென்றவர் ஏறத்தாழ 15,000 பேர். ஒரு நாள் வேலையை முழுமையாக முடித்தால் ஆணுக்கு ஒரு ஷில்லிங். பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். வேலை முடியவில்லையெனில் கூலி குறையும். வேலைக்கு வராதவன் சிறைக்குப் போவான். கரும்புத் தோட்டத்து நெட்டைக் கொட்டடிகளில் ஒரு சிறிய அறையில் மூன்று ஆடவரோ ஒரு குடும்பமோ அடைந்து கிடந்தனர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்னும் கணக்கில் ஆள் எடுத்தமையால் பெண்கள் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. அதனைக் கேட்டு நெஞ்சு பொறாமல் பாரதியார் பாடிய பாட்டை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். 1920ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் நீக்கப்பட்டன.

கப்பலில் பிறந்த உறவு

இக்கொடுமைகளுக்கிடையே ஒரு புதுமை நிகழ்ந்தது. நாம் இன்று பேச வந்தது அதனைப் பற்றியே.

சென்னையிலிருந்து பிஜிக்கு நீராவிக் கப்பலில் ஏறத்தாழ ஒரு மாதப் பயணம். கப்பலில் தனிக் கிணறு இல்லை; தனித் தெருவும் இல்லை. ஒரே அடுக்களையில் ஆக்கிய சோற்றையே எல்லாரும் உண்ணவேண்டும். ஊரில் நிழல்படவும் ஒப்பாதவன் இங்கே தோளோடு தோள் உரசி உறங்கினான். ஒருவன் காய்ச்சலில் விழுந்தால் பக்கத்துப் படுக்கைக்காரனே அவன் வாயில் கஞ்சி ஊற்றினான். கரை இறங்கியபோது அவர்கள் ஒருவரையொருவர் 'ஜஹாஜி பாய்' என்று அழைத்தனர். கப்பல் உடன்பிறப்பு என்பது அதன் பொருள். அது வெறும் வாய்ச்சொல் அன்று. இருவர் மக்களும் அண்ணன் தங்கை முறையாயினர். அவர்களுக்குள் மணம் பேசுவது தகாது என்று கருதும் அளவுக்கு அம்முறை உறுதிப்பட்டது. தாயும் தந்தையும் மாமனும் அத்தையும் கடலுக்கு இப்பால் இருக்க, அங்கே ஒரு குடும்பத்தைத் தாமே கட்டிக்கொண்டனர்.

சாதி அங்கே அடியோடு அழிந்தது என்று நாம் கூறவில்லை. மணப்பேச்சில் அதன் எச்சம் நெடுநாள் இருந்தது. ஆயினும் ஊரும் சேரியும் என்னும் பிரிவு, தனிக் கிணறு, பரம்பரைத் தொழில் ஆகிய தூண்கள் அங்கு நிற்கவில்லை. எல்லார் கையிலும் ஒரே கரும்பு வெட்டுக் கத்திதான் இருந்தது. தூண் இல்லாத வீடு எத்தனை நாள் நிற்கும்?

ஒப்பந்தம் முடிந்தும் பெரும்பாலோர் அங்கேயே தங்கினர். மண் அம்மண்ணின் மைந்தருடையது. ஆதலால் குத்தகைக்கு நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டனர். 1926இல் நந்தி என்னும் ஊரில் சாது குப்புசாமி என்பாரின் முயற்சியால் 'தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' தோன்றிற்று. கைந்நாட்டு வைத்து வந்தவர்கள் கூடி அமைத்த சங்கம் முதன்மையாக மேற்கொண்ட பணி யாது? பள்ளிக்கூடம் கட்டியதுதான். இன்று அச்சங்கத்தின் பேரால் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளும், லம்பாசாவில் ஒரு செவிலியர் கல்லூரியும் நடைபெறுகின்றன. தம் பிள்ளை, பிறர் பிள்ளை என்று பிரித்திருந்தால் அவர்கள் ஒரு கொட்டகையும் போட்டிருக்க முடியாது.

சேம்பும் அதன் பக்கக் கன்றுகளும்

பசிபிக் கடலைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும்போதெல்லாம் நாம் நிலப்படத்தில் பிஜியைத் தொட்டுக் காட்டுவது வழக்கம். ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, நம்மவர் போவதற்கு முன்னே அத்தீவுகளில் வாழ்ந்தவர்கள் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள்?" என்று கேட்டாள். விடை தெரியாமல் நின்றோம். அன்று தொடங்கிய தேடல் நம்மைப் பிஜிக்கும் வடகிழக்கே நெடுந்தொலைவிலுள்ள ஹவாய்த் தீவுகளில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஹவாயிலும் கரும்பு ஆட்சி செய்தது. அங்கே ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றவர் சீனர், ஜப்பானியர், போர்த்துக்கீசியர் முதலானோர், நம்மவர் அல்லர். தமிழ்நாட்டோடு அதற்குள்ள தொடர்பு பிற்காலத்தது. காவாய்த் தீவில் 1970இல் ஒரு சைவ மடம் தோன்றியது. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராயிருந்த வை. கணபதி ஸ்தபதியின் வரைவில் அங்கு எழுந்த கருங்கல் கோயிலுக்கு 2023இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. எனினும் நம் நெஞ்சைத் தொட்டது கோயில் அன்று. அத்தீவின் பழங்குடி மக்கள் குடும்பத்துக்கு இட்ட பெயர்.

நம் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் முளைக்கும் சேம்பை நீங்கள் அறிவீர்கள். சேப்பங்கிழங்கைப் பொரியலாக நாம் உண்கிறோம். ஹவாய் மக்களுக்கு அதுவே சோறு. அவித்து இடித்துக் கூழாக்கி, 'போய்' என்னும் பெயரால் நாள்தோறும் உண்டனர். தாய்க்கிழங்கின் பக்கத்தில் கிளைக்கும் கன்றுக்கு அவர்கள் மொழியில் 'ஓஹா' என்று பெயர். அச்சொல்லிலிருந்தே குடும்பத்தைக் குறிக்கும் 'ஓஹானா' என்னும் சொல் பிறந்தது. அவர்களுடைய பழங்கதை ஒன்றும் உண்டு. ஆதித் தந்தைக்குப் பிறந்த முதற்குழந்தை உயிரற்றுப் பிறந்தது. அதனைப் புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. பின்னர்ப் பிறந்த குழந்தையே மனித குலத்தின் முன்னோன். இருவர்க்கும் ஹாலோவா என்று ஒரே பெயர். ஆகவே சேம்பு மனிதனுக்குத் தமையன். தமையன் தம்பிக்குச் சோறிடுகிறான். தம்பி தமையனைப் பேணுகிறான். கூழ்க்கலம் திறந்திருக்கும்போது வீட்டில் சண்டையிடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மூத்தவர் முன்னிலையில் யார் சண்டையிடுவார்?

சோறிட்டவரே பெற்றோர்

ஓஹானா என்பது குருதி உறவோடு நின்றுவிடவில்லை. 'ஹானாய்' என்றொரு வழக்கம் அங்கே உண்டு. அச்சொல்லுக்கு உணவூட்டுதல் என்பதே பொருள். ஒருவர் பெற்ற குழந்தையை மற்றொருவர் தம் குழந்தையாக வளர்ப்பது ஹானாய். முதற்பிள்ளையை வளர்க்கும் உரிமை பாட்டன் பாட்டியர்க்கு இருந்தது. இதில் மறைவு இல்லை; பெற்றவர் இன்னார் என்பது குழந்தைக்கும் தெரியும். இதனை எவரும் இழிவாகக் கருதியதுமில்லை. சோறிட்டு வளர்த்தவருக்குப் பெற்றவருக்குரிய சிறப்பு முழுவதும் உண்டு.

ஹவாய் நாட்டின் கடைசி அரசி லிலியுகலானி 1838இல் பிறந்தபோதே இவ்வாறு வேறொரு தலைவர் இல்லத்துக்குக் கொடுக்கப்பட்டவர். அவ்வீட்டில் பிறந்த பவாஹி என்பார் அவர்க்குத் தமக்கை ஆனார். பவாஹிக்கு மக்கட்பேறு இல்லை. 1884இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 3,75,000 ஏக்கர் நிலத்தைப் பள்ளிகளுக்கென்று எழுதிவைத்திருந்தார். அவ்வருவாயில் 1887இல் ஆண்பிள்ளைகளுக்கும் 1894இல் பெண்பிள்ளைகளுக்கும் கமேஹமேஹா பள்ளிகள் திறக்கப்பட்டன, இன்றும் நடைபெறுகின்றன. லிலியுகலானி அரசியின் முடியை 1893இல் கரும்பு முதலாளிகளும் அவர்க்குத் துணைநின்ற அமெரிக்கரும் பறித்தனர். நாட்டை இழந்த அவர் 1909இல் தம் எஞ்சிய சொத்தை ஆதரவற்ற குழந்தைகளுக்கென்று அறக்கட்டளையாக்கினார். பிறர் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவர் பிறர் பிள்ளைகளை மறக்கவில்லை.

அந்நாட்டு மொழியும் பள்ளிகளிலிருந்து துரத்தப்பட்டது. 1896ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியது. அம்மொழி அழிந்துபோகும் நிலையில், 1984இல் சில பெற்றோரும் ஆசிரியரும் கூடி மழலையர் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'குரல்களின் கூடு' எனப் பொருள்படும். அந்தக் கூட்டிலிருந்துதான் மொழி மீண்டும் பறக்கத் தொடங்கியது.

ஒரு பந்தியில் உடைந்த விலக்கு

இத்தனை நல்ல மக்களிடையே தீமையே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. இளைஞர்களே, இந்தப் பகுதியை நீங்கள் கருத்தூன்றிக் கேட்கவேண்டும்.

'கபு' என்னும் விலக்கு முறை அங்கே பன்னெடுங்காலம் நிலவியது. ஆணும் பெண்ணும் ஒன்றாக உண்ணுதல் கூடாது. பன்றி இறைச்சி, வாழைப்பழம், தேங்காய் ஆகியவை பெண்களுக்கு விலக்கு. மீறினால் மரணம். அதனினும் கொடியது ஒன்று: 'கௌவா' என்று ஒரு கூட்டத்தாரை ஒதுக்கி வைத்திருந்தனர். அவர்களுக்குத் தனி இருப்பிடம், பிறர் வீட்டினுள் நுழைய உரிமையில்லை, மணவுறவு இல்லை, நெற்றியில் பச்சைக்குறி, கோயிலுக்கு நரபலி வேண்டுமெனில் அவர்களிலிருந்து ஆள். கடல் சூழ்ந்த தீவில், நம் நூல்களையோ நம் வழக்கங்களையோ கேள்வியுறாத மக்களிடையே, இப்படி ஒரு சேரி இருந்ததைப் படித்தபோது நம் கை நடுங்கியது.

1819ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் கமேஹமேஹா மன்னர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் ஒரு விருந்து நடந்தது. இளம் மன்னர் லிஹோலிஹோ, தம் தாயார் கெயோபுலானியும் தந்தையின் மற்றொரு மனைவியாகிய காஹுமனுவும் தூண்ட, பெண்களின் பந்தியில் சென்று அமர்ந்து உணவருந்தினார். வானம் இடிந்து விழவில்லை. அன்றோடு கபு முறை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது; கோயில்கள் கலைக்கப்பட்டன. பழமையைக் காக்க மன்னரின் உறவினர் ஒருவர் படையெடுத்துத் தோற்றார். கௌவா மக்களை ஒதுக்கிவைத்த முறையும் தன் பிடியை இழந்தது.

ஒரு பந்தியால் சாதி ஒழிந்துவிடுமா? நம் நாட்டில் சமபந்தி விருந்துகள் எத்தனையோ நடந்துள்ளன. உண்டு கை கழுவியபின் அவரவர் தெருவுக்கு அவரவர் போயினர். 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர், உடனுண்ணல் மட்டும் போதாது, கலப்பு மணமே உண்மை மருந்து என்று காட்டினார். அதற்கும் அடியில் சாதிக்குப் புனிதம் கற்பிக்கும் நம்பிக்கையையே தகர்க்கவேண்டும் என்றார். ஹவாயில் பந்தி வென்றதற்குக் காரணம், அதனோடு விலக்கைப் புனிதமாக்கிய அதிகாரமும் வீழ்ந்ததே. நம் பந்திகள் தோற்றதற்குக் காரணம், சோறு மாறியது, உறவு மாறவில்லை. இலையில் அமர்ந்தவன் மறுநாள் வீட்டுக்கு உறவாக வந்தால்தான் பந்திக்குப் பொருள் உண்டு.

நம்மை வளர்த்த வீடு

இனி நம் கதைக்கு வருவோம். இதனை மேடையில் சொன்னதில்லை. இன்று சொல்லியாக வேண்டும்.

நம் தாயார் இறந்தபோது நமக்கு வயது ஏழு. தந்தையார் கடனாளி. பக்கத்து ஊரில் ஒரு தறிக்காரரிடம் முன்பணம் பெற்று நம்மைத் தறியில் விட்டார். காஞ்சிப் பட்டில் கோர்வை போடுவதை நீங்கள் அறிவீர்கள். புடவையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். இரண்டுக்கும் வெவ்வேறு நாடா. ஒவ்வோர் ஊடையிலும் இரண்டு நூலையும் கோத்து வாங்கவேண்டும். நெசவாளிக்குப் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க அக்காலத்தில் சிறுவர்களையே வைத்தனர். ஓராண்டுக்குமேல் நாம் அந்தப் பலகையில் அமர்ந்திருந்தோம். பள்ளி மணி காதில் விழும், எழ முடியாது.

நம் பெரியம்மா கணவரை இழந்தவர், பிள்ளை இல்லாதவர், ஐயம்பேட்டையில் தாய்வீட்டில் இருந்து தார் சுற்றிப் பிழைத்தவர். ஒருநாள் நம்மைப் பார்க்க வந்தார். விரல்களைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. காதில் கிடந்த தோட்டை விற்றார். மீதிக்குத் தாமே தார் சுற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். நம்மை மீட்டுக் கையைப் பிடித்து நடத்தியே அழைத்துவந்து பள்ளியில் சேர்த்தார். சேர்க்கைத் தாளில் பெற்றோர் பெயர் கேட்ட ஆசிரியரிடம், "எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நான்தான்" என்றார். பிஜிக்காரர் இலையில் நாம் உண்டது அந்த வீட்டில்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஹானாய் என்னும் சொல்லை அவர் கேட்டதில்லை. அச்சொல்லின் பொருளை நமக்குக் கற்பித்தவர் அவரே.

நாம் தவறவிட்ட பிள்ளை

சென்ற ஆண்டில் நம் தெருக்களில் ஒன்றைச் சேர்ந்த பெண், பத்தாம் வகுப்பில் நன்கு தேறியவள், பெற்றோர் இருவரையும் அடுத்தடுத்து இழந்தாள். நம் மாலை வகுப்பில் படித்தவள்தான். சங்கத்தில் மூன்று முறை கூடிப் பேசினோம். கட்டணத்துக்குப் பணம் தர முன்வந்தோர் உண்டு. "எந்த வீட்டில் இருப்பாள்?" என்ற கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை. 'அவள் நம் வகையறா இல்லையே' என்று ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னதும் நம் காதில் விழுந்தது. சேரிக்குள் இன்னொரு சேரி! அதைக் கேட்டு நாமும் எழுந்து மறுக்கவில்லை. வீடு சிறிது, மக்கள் பெரியவர்களாகிவிட்டனர் என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக்கொண்டு வாளாவிருந்தோம்.

நான்காம் கூட்டத்துக்கு நாள் குறிக்குமுன் மேற்கு மாவட்டத்து நூற்பாலை ஒன்றுக்கு ஆள் பிடிப்பவர் வந்தார். அவரும் முன்பணம் காட்டினார். அவள் போய்விட்டாள். பாட்டனாரின் தமையனாரைக் கொண்டுபோனதும் முன்பணம். நம்மைத் தறியில் அமர்த்தியதும் முன்பணம். இவளை ஆலைக்கு அனுப்பியதும் முன்பணம். ஆள்பிடிப்பவன் ஒவ்வொரு தலைமுறையிலும் வருவான். வீட்டில் இலை போட ஆள் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் வருவான்.

இந்தப் பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்தாளாம். பள்ளி வாயிலில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனாள் என்று காவலர் சொன்னார்.

செய்ய வேண்டுவன

குற்றஞ்சாட்ட இதனை நாம் கூறவில்லை. குற்றவாளிகளுள் நாமும் ஒருவர். வெள்ளி விழா என்பது பொன்னாடை போர்த்திக்கொள்ளும் நாள் மட்டுமன்று. கணக்குப் பார்க்கும் நாளும் ஆகும். ஆதலின் மூன்று செய்திகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது: நம் சங்கத்தால் படித்து உயர்ந்த ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்கவேண்டும். பணம் அனுப்புவது எளிது, அது போதாது. மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடவும், காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், தேர்வு நாளன்று விடியலில் எழுப்பிவிடவும் ஆள் வேண்டும். சென்னையிலும் பிற நகரங்களிலும் வாழும் நம் பட்டதாரிகள், கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைக்கட்டும். சேரி முகவரியை மறைத்து வாழ்வோர் இதனைச் செய்ய இயலாது. முதலில் அந்த நாணத்தை விடவேண்டும். பெற்றோரை இழந்த குழந்தையை வீட்டில் வைத்து வளர்க்க விரும்புவோர் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் ஒப்புதலைப் பெற்றே செய்யவேண்டும். அதற்கான தாள்களை எழுதித் தர நாம் ஆயத்தமாக உள்ளோம்.

இரண்டாவது: 'நம் வகையறா', 'வேறு வகையறா' என்னும் பேச்சு இச்சங்கத்தின் வாயிற்படியோடு நிற்கட்டும். மாலை வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில் தெருப்பெயர் எழுதும் கட்டம் ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டுப் பதிவேட்டில் அக்கட்டம் வேண்டாம்.

மூன்றாவது: இன்று நண்பகல் விருந்து உண்டு. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக நம் ஆண்டு விழாக்களில் ஆண்கள் முதற்பந்தியில் அமர்வதும், காலை முதல் அடுப்படியில் நின்ற தாய்மார் கடைசியில் ஆறிய சோற்றை உண்பதும் வழக்கமாகிவிட்டன. இதற்கு நாம் பெயர் வைக்கவில்லை. ஹவாய் மக்கள் வைத்த பெயர் கபு. 200 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மன்னர் அதனை உடைத்தார். தலைமையாசிரியரும் பொறுப்பாளரும் உடைக்க முடியாதா? முதற்பந்தியில் தாய்மாரும் மாணவியரும் அமரட்டும். பரிமாறும் பணியில் நாம் முதல்வராக நிற்கிறோம். இளைஞர்கள் உடன் வாருங்கள்.

இறுதியாக ஒரு சொல். அந்தப் பெண்ணுக்கு நேற்று முன்தினம் ஒரு கடிதம் எழுதியுள்ளோம். நம் வாழ்க்கைத் துணைவியாரும் அதில் கையொப்பமிட்டார். மேல்நிலைக் கல்வியை அவள் தொடரலாம், வயது கடந்துவிடவில்லை. இம்முறை கூட்டம் கூட்டவில்லை. வீட்டில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். வருவாளா என்பது அவள் முடிவு. நம் பாட்டியார், கடல் கடந்து போனவருக்காக வாழ்நாளெல்லாம் ஓர் இலை போட்டுக் காத்திருந்தார். அவர் வரவில்லை. இவள் இருக்குமிடம் நமக்குத் தெரியும். முகவரி நம் சட்டைப்பையில் இருக்கிறது. இலை போடுவதோடு நில்லாமல் சென்று அழைக்கவும் வேண்டும் அன்றோ?